நம் முகம் அங்கே தெரிகின்றதா?

இல்லமும் அறிவியலும்

கீரனூருக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூரில், என் பெரியப்பா மகன் இல்லத்தில், சில மாதங்களுக்கு முன் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. அண்ணன் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கின்றார். வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடித்தான் வருகின்றது. ஒரே மகன் குவைத்தில் பணி செய்கின்றான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை நாள். ஆகையால் வெள்ளிதோறும் இரவு 8 மணிக்கு, அவனுக்கு அது மாலை ஐந்தரை, கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவது அக்குடும்பத்தின் வழக்கம்.

நான் இருந்த நாளும் வெள்ளியாக அமைந்தது. அண்ணனைத் தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்தனர். மகன் முகம் திரையில் தோன்றியது. எத்துணைத் தெளிவு! அவன் பின்னால் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகளைக்கூடப் படிக்க முடிந்தது. அண்ணி முகமெல்லாம் மலர்ந்து, “பார்த்தீர்களா தம்பி, பக்கத்து அறையில் இருப்பது போலல்லவா இருக்கின்றான்! மாதாமாதம் இணையத்துக்குக் கட்டும் பணம் வீண் போகவில்லை” என்றார்கள். அண்ணன் ஏதோ சொல்ல முயன்று, மெல்ல மெல்லச் சொல்லியும் முடித்தார். திரையிலிருந்து மகன், “அப்பா ஏதேனும் சொன்னாரா, அம்மா?” என்று கேட்டான். மீண்டும் கேட்டான். மூன்றாம் முறையும் கேட்டுவிட்டு, “சரி அம்மா, அடுத்த வாரம் பேசுகின்றேன்” என்று முடித்துக்கொண்டான்.

எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் காலை நானே அவனை அழைத்து, குரலில் மட்டும் பேசினேன். அவன் சொன்னது இது: “சித்தப்பா, அப்பா முகம் அசைந்து நான் பார்த்து இரண்டு மாதம் ஆகின்றது. ஒரு படம் வந்து அப்படியே நிற்கும். வாய் பாதி திறந்தபடி நிற்கும். குரல் துண்டு துண்டாக விழும். அங்கே என்னைத் தெளிவாகப் பார்ப்பதாக அம்மா ஒவ்வொரு வாரமும் மகிழ்ந்து சொல்கின்றார்கள். அதைக் கெடுப்பானேன் என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.”

அயல்நாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்கள் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஏராளம். அறந்தாங்கிப் பக்கம் சொல்லவே வேண்டாம். இவ்வில்லங்களில் எத்தனையில் இதே கதை சொல்லப்படாமல் நடக்கின்றதோ! குறை நம் வீட்டில் இருக்கும். துன்பம் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு. நமக்கோ எல்லாம் தெளிவாகத் தெரிவதால், குறை இருப்பதாகவே தோன்றாது. இம்மாதம் அதைப் பற்றித்தான் எழுதுகின்றேன்.

நம் வீட்டு இணைய இணைப்பு ஒரே பாதையன்று, இரண்டு பாதைகள். வெளியிலிருந்து நம் வீட்டுக்குள் வருவது பதிவிறக்கம். நம் வீட்டிலிருந்து வெளியே போவது பதிவேற்றம். மகனுடைய முகம் வருவது முதல் பாதையில். தகப்பனுடைய முகம் போவது இரண்டாவது பாதையில். நம் ஊர்க் கண்மாய்களை எண்ணிக்கொள்ளுங்கள். வரத்துவாரி அகலமாக இருக்கும். நீர் வெளியேறும் மடை சிறிதாக இருக்கும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளின் அமைப்பும் அதுவே. “நூறு மெகாபிட்டு” என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் அச்சிடுவது வரத்தின் அளவை. மடையின் அளவைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேட்பார் மிகக் குறைவு.

வணிகரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அரசின் இலக்கணமே அப்படித்தான் இருந்து வருகின்றது. 2004-ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட்டு பதிவிறக்கம் இருந்தால் அஃது அகலக்கற்றை என்றது. 2013-இல் அது 512 கிலோபிட்டு ஆயிற்று. 2023 சனவரியில் 2 மெகாபிட்டாக உயர்ந்தது. மூன்று முறையும் சொல்லப்பட்டது பதிவிறக்கத்தின் வேகமே. வீட்டிலிருந்து வெளியே போவது எவ்வளவு இருக்கவேண்டும் என்று அந்த இலக்கணம் பேசவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் உண்டு; வெறும் கஞ்சத்தனம் என்று எண்ணவேண்டா. தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே இணையம் வந்த காலத்தில் தொடங்கியது இது. அமெரிக்காவில் பெல்கோர் என்னும் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஜோசப் லெக்லைடர் என்னும் பொறியாளர் 1980-களில் ஓர் உண்மையைக் கண்டார். பல நூறு வீடுகளின் கம்பிகள் தொலைபேசி நிலையத்தை நெருங்கும்போது ஒரே கட்டாகச் சேர்கின்றன. வீடுகளிலிருந்து நெடுந்தொலைவு நடந்து களைத்து வரும் மெல்லிய குறிகளை, நிலையத்திலிருந்து அப்பொழுதுதான் புறப்படும் வலுவான குறிகள் பக்கத்துக் கம்பியிலிருந்தே அமுக்கிவிடும். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தொலைவில் அழைப்பவர் குரலைக் கேட்க முயல்வது போல. ஆகவே போகும் வழியையும் வரும் வழியையும் சமமாக வைக்காமல், வீட்டுக்கு வருவதற்கு மிகுதியாகவும் வீட்டிலிருந்து போவதற்குக் குறைவாகவும் பங்கிட்டால், மொத்தத்தில் வேகம் கூடும் என்று அவர் காட்டினார். அதன்படி, கம்பியில் 4 கிலோஹெர்ட்சு வரை பேச்சுக்கு; 25 முதல் 138 வரை பதிவேற்றத்துக்கு; 138 முதல் 1104 வரை பதிவிறக்கத்துக்கு என்று பாகம் பிரித்தனர். பாகப்பிரிவினையைப் பாருங்கள்! மக்கள் வீட்டிலிருந்து வாங்குவார்கள், கொடுக்கமாட்டார்கள் என்பது அக்காலத்துக் கணிப்பு. 2005-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் ஊர்களுக்குத் தொலைபேசிக் கம்பி வழியே கொண்டுவந்த அகலக்கற்றையும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இன்று அந்தக் கம்பிகள் மறைந்து வருகின்றன. கண்ணாடி இழை வந்துவிட்டது. ஆனால் அதிலும் பரவலாக உள்ள முறையில், இறங்குவதற்கு நொடிக்கு ஏறத்தாழ 2.5 கிகாபிட்டும் ஏறுவதற்கு 1.25 கிகாபிட்டும்தான், அதையும் 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதுவே நமக்குத் தாராளம் எனலாம். உள்ளூர்க் கேபிள் வழியிலும், ‘சிம்’ போட்ட சிறு பெட்டிகள் வழியிலும் இணையம் பெறும் வீடுகளுக்குத்தான் மடை மிகச் சிறியது. கைப்பேசிக் கோபுரம் பத்துக்கணக்கான வாட்டு வலுவோடு பேசுகின்றது. நம் கைப்பேசியோ அதிகம் போனால் 0.2 வாட்டில் பதில் சொல்லவேண்டும். கோபுரத்தின் பேச்சு நமக்குக் கேட்கும். நம் பேச்சு கோபுரத்துக்குக் கேட்பது அரிது. கனத்த சுவர் வைத்த பழைய வீட்டின் நடு அறையில் பெட்டியை வைத்துவிட்டு, பதிவேற்றம் இல்லையே என்று வருந்துவோர் உண்டு. மாடிக்கோ, கோபுரம் இருக்கும் திசையை நோக்கிய சன்னலுக்கோ அதனை மாற்றிப் பார்க்கட்டும். காசில்லாத மருத்துவம் இது.

நிற்க. மடை சிறியதாக இருப்பது பாதிக் கதையே. அண்ணன் வீட்டு இணைப்பின் பதிவேற்றம் நொடிக்கு ஒன்றரை மெகாபிட்டு. குரலை அனுப்ப ஒரு மெகாபிட்டில் பத்தில் ஒரு பங்கு போதும். அசையும் முகத்தை அனுப்ப அரை முதல் ஒரு மெகாபிட்டு போதும். கணக்குப்படி அண்ணன் முகம் தடையின்றிக் குவைத் சென்றிருக்கவேண்டும். ஏன் செல்லவில்லை?

இங்கேதான் இணையம் வேலை செய்யும் விதத்தைச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். அனுப்பும் செய்தி எதுவாயினும், அது சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டே செல்லும். வீட்டில் உள்ள ‘ரவுட்டர்’ பெட்டியில் அப்பொட்டலங்கள் வரிசையில் நிற்கும். முன்னால் வந்தது முன்னால் போகும். உங்கள் பேரன் கல்யாணத்தில் எடுத்த 300 படங்களை அவன் கைப்பேசி தானாகவே எங்கோ உள்ள சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கின்றது என்று வையுங்கள். ஒரு படம் 4 மெகாபைட்டு, அதாவது 32 மெகாபிட்டு. ஒன்றரை மெகாபிட்டு மடையில் ஒரு படம் போக 21 நொடி. முந்நூறு படம் போக ஒன்றே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும், பேசும் தகப்பனின் சொற்கள் அப்படங்களின் வால் பிடித்து வரிசையில் நிற்கும்.

ரவுட்டர் பெட்டியில் 256 கிலோபைட்டு தேக்கி வைக்க இடம் உண்டென்று கொள்வோம். இக்காலத்தில் அது பெரிய அளவன்று. ஒரு மெகாபிட்டு வேக இணைப்பில் அத்தேக்கம் நிறைந்திருந்தால், புதிதாக வரும் பொட்டலம் வெளியேற 2 நொடி காத்திருக்கவேண்டும். இருவர் இயல்பாக உரையாட, ஒருவர் சொல் மற்றவரை அடைய 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாதிருப்பது நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு எங்கே, 2 நொடி எங்கே! தாமதித்து வரும் பொட்டலம் முகம் பார்த்துப் பேசும் பேச்சுக்குப் பயன்படாது. அது தூக்கி எறியப்படும். படம் உறையும், குரல் துண்டாகும்.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் பதிவுத் தபால் அனுப்பினால் ஒப்புகை அட்டை திரும்பி வந்ததல்லவா? இணையத்தில் பெரும்பாலான பொட்டலங்களுக்கும் அத்தகைய ஒப்புகை உண்டு. நாம் எதையேனும் பதிவிறக்கம் செய்யும்போதுகூட, “வந்து சேர்ந்தது” என்னும் ஒப்புகை நம் வீட்டிலிருந்து பதிவேற்ற வழியில்தான் போகவேண்டும். அவ்வழி அடைபட்டால் ஒப்புகை தாமதமாகும். ஒப்புகை வராததால் அனுப்புபவர் மெதுவாக அனுப்புவார். “நூறு மெகாபிட்டு என்றார்கள், ஒரு செய்தித்தாள் பக்கம் திறக்க இவ்வளவு நேரமா?” என்று நாம் இணைப்புக்காரரைத் திட்டுவோம். பல வேளைகளில் திட்டப்பட வேண்டியது பேரனின் கைப்பேசி.

இந்நெருக்கடி அறிவியலார்க்குப் புதிதன்று. 1986 அக்டோபரில், அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கெச தூரத்தில், நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த இணைப்பின் வேகம் வெறும் 40 பிட்டாக வீழ்ந்தது. எல்லாரும் ஒரே வேளையில் திணித்ததன் விளைவு அது. வான் ஜேக்கப்சன் என்பவர் அதனை ஆராய்ந்து, 1988-இல் தீர்வை வெளியிட்டார். பொட்டலம் தொலைந்துபோவதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்பும் கணினி தானாகவே வேகத்தைக் குறைக்கவேண்டும் என்பது அதன் சாரம். இன்றும் இணையம் நிலைகுலையாமல் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னர் நடந்தது ஒரு வேடிக்கை. நினைவகச் சில்லுகள் மலிந்தன. பொட்டலம் எதுவும் தொலையக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் பெட்டி செய்வோர் தேக்கும் இடத்தைப் பெருக்கிக்கொண்டே போயினர். விளைவு? பொட்டலம் தொலைவதில்லை, தேங்குகின்றது. தொலையாததால், அனுப்புபவருக்கு நெரிசல் இருப்பதே தெரிவதில்லை. அவர் மேலும் மேலும் திணிக்கின்றார். 2010-இல் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர், தம் வீட்டிலிருந்து ஒரு பெரிய கோப்பை அனுப்பிக்கொண்டிருந்தபோது தம் பிள்ளைகள் இணையம் மெதுவாக உள்ளது என்று முறையிடக் கேட்டார். தேடிப் பார்த்தபோது, தாமே அதற்குக் காரணம் என்பதையும், உலகெங்கும் உள்ள வீட்டுப் பெட்டிகளில் இந்நோய் இருப்பதையும் கண்டார். ‘பஃபர்புளோட்’ என்று அதற்குப் பெயரிட்டார். தேக்கத்தின் வீக்கம் என்று நாம் சொல்லலாம்.

மருந்தையும் கண்டனர். கேத்லீன் நிக்கோல்சும் அதே வான் ஜேக்கப்சனும் 2012-இல் ஒரு முறையை வெளியிட்டனர். வரிசையில் எத்தனை பேர் நிற்கின்றனர் என்று எண்ணாமல், ஒவ்வொருவரும் எவ்வளவு நேரமாக நிற்கின்றனர் என்று பார்ப்பது அம்முறை. காத்திருப்பு நீண்டால் ஒரு பொட்டலத்தைக் கைவிட்டு, அனுப்புபவருக்கு எச்சரிக்கை கொடுக்கும். இத்துடன், ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து மாறி மாறி அனுப்பும் முறையையும் சேர்த்தனர். முந்நூறு படம் ஒரு வரிசை. தகப்பனின் பேச்சு ஒரு வரிசை. இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று. கண்மாய்ப் பாசனத்தில் நீர்பாய்ச்சி செய்வது இதைத்தானே? பத்து ஏக்கர்க்காரரும் அரை ஏக்கர்க்காரரும் முறை வைத்தே நீர் பெறுவர். 2018-இல் இது பொதுவான இணையத் தொழில்நுட்ப ஆவணமாகவும் வெளிவந்தது. இதனை விலையின்றி எவரும் பயன்படுத்தும் வகையில் கட்டற்ற மென்பொருளில் சேர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் உழைத்த டேவ் டாட் என்பவர் 2025 ஏப்ரலில் காலமானார். அவர் பெயரை நம்மில் எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் அவர் உழைப்பு பல கோடிக் கருவிகளுக்குள் இருக்கின்றது.

மீண்டும் கீரனூருக்கு வருவோம். மறுநாள் பிற்பகல், அண்ணியின் மகள் வயிற்றுப் பேரனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவியையும் வைஃபையிலிருந்து விலக்கினோம். ஃபாஸ்ட்.காம் என்னும் தளத்தில் ‘கூடுதல் விவரம்’ என்பதைத் தொட்டால், பதிவேற்ற வேகமும், இணைப்பு ஓய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும்போதும் ஆகும் தாமதமும் தனித்தனியே காட்டும். எல்லாம் விலகியிருந்தபோது ஒன்றரை மெகாபிட்டு வந்தது. பேரனின் கைப்பேசியைச் சேர்த்தோம், குறைந்தது. அதன் தானியங்கிப் படச் சேமிப்பை நிறுத்தினோம், சரியாயிற்று. இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஆனால் மாலையில் எல்லாவற்றையும் இணைத்தபோது மீண்டும் 0.3-க்கு வீழ்ந்தது. தொலைக்காட்சியை அணைத்தோம், மாற்றமில்லை, அது வாங்குவதே தவிரக் கொடுப்பதன்று. அண்ணியின் கைப்பேசியை அணைத்தோம். அதுவுமன்று.

அப்பொழுது பேரன் திண்ணையைச் சுட்டிக் காட்டினான். உத்தரத்தில் ஒரு சிறு காமிரா. வயதான பெற்றோர் தனியே இருக்கின்றார்களே என்று, குவைத்திலிருந்தே வாசலைப் பார்க்கும்படியாக மகன் ஆள் வைத்துப் பொருத்தியது. எப்பொழுது பொருத்தினான் என்று கேட்டேன். “இரண்டு மாதம் இருக்கும்” என்றார்கள் அண்ணி.

அக்காமிரா இரவும் பகலும், திண்ணையில் ஒரு கோழி மட்டும் நின்றாலும், நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிட்டு வீதம் எங்கோ உள்ள சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டே இருந்தது. கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்குப் பத்தே முக்கால் கிகாபைட்டு. மாதத்துக்கு 300-க்கும் மேல். அண்ணனின் சொற்கள் போகவேண்டிய வழியில் திண்ணையின் படம் போய்க்கொண்டிருந்தது. “நம்மைப் பார்க்கத்தானே தம்பி அதை வைத்தான்?” என்று அண்ணி கேட்டார்கள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கழற்றவும் தேவையிருக்கவில்லை. பதிவை உள்ளேயுள்ள சிறு அட்டையிலேயே வைத்துக்கொள்ளும்படியும், அவன் திறந்து பார்க்கும்போது மட்டும் அனுப்பும்படியும், படத்தின் தரத்தை ஒரு படி குறைத்தும் மாற்றி அமைத்தோம். பத்து நிமிட வேலை.

வாசகர்களும் இதையே தம் வீட்டில் செய்து பார்க்கலாம். முதலில் அளவெடுங்கள், இரவு 8 மணிக்கும், விடியற்காலை 5 மணிக்கும். விடியலில் நன்றாக இருந்து, வீட்டில் எந்தக் கருவியும் இயங்காதபோதும் இரவில் மோசமானால், நெருக்கடி ஊருக்குப் பொதுவானது. உங்கள் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சமே. அப்படியன்றெனில் தானாக ஏற்றும் கருவிகளைத் தேடுங்கள். கைப்பேசியின் படச் சேமிப்பு, கணினியின் சேமிப்பு, காமிரா ஆகிய இவை மூன்றே பெரும்பாலும் குற்றவாளிகள். படச் சேமிப்பை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். கைப்பேசி தொலைந்தால் பேத்தியின் திருமுழுக்குப் படங்களும் அதனோடு போகும். இரவு பத்து மணிக்கு மேல், எவரும் பேசாதபோது, அதனை இயக்கிவிட்டு உறங்கச் செல்லுங்கள். இரவில் நீர் பாய்ச்சும் வழக்கம் நமக்குப் புதிதன்றே.

உங்கள் ரவுட்டரில் வேக வரம்பு வைக்கும் வசதி இருந்தால், பதிவேற்றத்தை அளந்த வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக நிறுத்துங்கள். ஒன்றரை வந்தால் 1.3 என்று வையுங்கள். இருக்கும் சிறு மடையையும் குறுக்குவதா என்று தோன்றும். காரணம் உண்டு: அப்பொழுது வரிசை வெளியே உள்ள கருவியில் தேங்காமல், நம் பெட்டியிலேயே நிற்கும், அதை ஒழுங்குபடுத்துவது நம் கையில் இருக்கும். நான் மேலே சொன்ன முறைவைக்கும் மென்பொருள் சில பெட்டிகளில் உண்டு. இணைப்புக்காரர் இலவசமாகத் தரும் பெட்டிகளில் பெரும்பாலும் இராது. கல்லூரியில் கணினி பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், ‘ஓப்பன் டபிள்யூஆர்டி’ என்று சொல்லுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான். பெட்டியைக் கெடுத்துவிட்டால் என்னைக் கேட்கக்கூடாது.

முகத்தைவிடக் குரல் முக்கியமான வேளைகளும் உண்டு. மருத்துவரிடம் பேசும்போது, வேலைக்கான நேர்காணலில் திடீரென இணைப்பு தடுமாறும்போது, படத்தை நிறுத்திவிட்டுக் குரலோடு தொடருங்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் நம் மாவட்டத்தைச் சிதைத்த பிறகு, மின்சாரமின்றிப் பல நாள் இருந்தோமே, அப்பொழுது அழைப்பு போகாத இடத்திலும் “நலம்” என்ற ஒற்றைச் சொல் குறுஞ்செய்தியாகப் போய்ச் சேர்ந்ததைக் கண்டவர்கள் இருப்பார்கள். சிறியது சந்து கிடைத்தால் நுழைந்துவிடும்.

இன்னொரு செய்தியும் பங்கு மக்களுக்குப் பயன்படும். 2020 மார்ச்சு ஊரடங்குக்குப் பின், திருமணத்தையும் அடக்கத் திருப்பலியையும் இணையத்தில் நேரலையாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஓரளவு தெளிவான நேரலைக்கு நொடிக்கு 2 அல்லது 3 மெகாபிட்டு பதிவேற்றம் தடையின்றி வேண்டும். நேரலைக்கு வைத்திருக்கும் இணைப்பின் கடவுச்சொல்லை விருந்தினர் எவருக்கும் சொல்லாதீர்கள். எவருக்கும் என்றால், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கும்தான். நூறு பேர் ஒரே நேரத்தில் படம் அனுப்பத் தொடங்கினால், கடல் கடந்து காத்திருப்பவர்கள் மந்திரிப்பு வேளையில் உறைந்த படத்தைத்தான் காண்பார்கள். முடிந்தால் காமிராவையும் ரவுட்டரையும் கம்பியால் இணையுங்கள், வைஃபையை நம்பவேண்டா. முந்தின நாள் அதே வேளையில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

மேலும் பணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறலாமா என்று பலர் கேட்கின்றனர். மாறுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: “பதிவேற்றம் எவ்வளவு?” விடையை எழுத்தில் வாங்குங்கள். ஐம்பதிலிருந்து நூறுக்கு மாறியும் பதிவேற்றம் ஓர் இம்மியும் கூடாத திட்டங்கள் உண்டு. நானே அப்படி ஓர் ஆண்டு ஏமாந்தவன். பதிவேற்றமும் பதிவிறக்கமும் சமமாகத் தரும் கண்ணாடி இழை இணைப்பு உங்கள் ஊருக்கு வந்திருந்தால், பிள்ளை அயல்நாட்டில் இருக்கும் வீட்டுக்கு அதுவே ஏற்றது.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றே செய்யக்கூடியது ஒன்று. அடுத்த முறை பேசும்போது அந்தப் பக்கத்தில் இருப்பவரிடம், “நாங்கள் தெரிகின்றோமா, அசைகின்றோமா?” என்று கேளுங்கள். “ஆம்” என்பார்கள், நம்பாதீர்கள். கையில் எத்தனை விரல் காட்டுகின்றோம் என்று கேட்டு, விரலை மாற்றி மாற்றிக் காட்டுங்கள்.

அடுத்த வெள்ளி நான் ஊர் திரும்பிவிட்டேன். இரவு ஒன்பது மணிக்கு அண்ணி தொலைபேசியில் அழைத்தார்கள். எட்டு மணிக்கு அழைப்பு வந்ததாம். அண்ணன் இடக்கையைச் சிறிது தூக்கினாராம். மகன் ஒன்றும் பேசாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தானாம். பிறகு, “அப்பாவுக்கு இவ்வளவு தாடி வளர்ந்திருக்கின்றதே, சவரம் செய்துவிட ஆள் வரவில்லையா அம்மா?” என்று சற்றுக் கோபமாகவே கேட்டானாம். பேரனை அனுப்பியிருப்பதாகவும், காலையில் ஆள் வந்துவிடும் என்றும் சொல்லிவிட்டு, அண்ணி சிரித்தார்கள்.